கிருமி கெட்டிக்காரன்தான், தீவனம் யாரு போடுவா?

எய்யா பேராண்டி, நீ அனுப்பின தாளு வந்து சேந்துது. வழவழன்னு இருக்கு, பக்கத்துக்குப் பக்கம் பச்சைக் கலர்ல ஒரு இலை வேற. உன் தங்கச்சி திண்ணையில உக்காந்து முழுசும் வாசிச்சுக் காட்டினா. மரபணு மாத்தின கிருமியைத் தொட்டியில வளத்து, அதுக்கிட்ட இருந்து வண்டிக்கு எண்ணெய் கறக்கப் போறியளாம். கம்பெனிக்குப் பேரு வச்சாச்சு. நீயும் உன் கூட்டாளிமாரும் கையைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிற போட்டோ போட்டாச்சு. கடைசிப் பக்கத்துல முதலீட்டாளருன்னு ஒரு கட்டம் மட்டும் காலியா கெடக்கு. அதுல தாத்தா பேரை எழுதிரலாம்னு உனக்கு ஒரு நப்பாசை இருக்குன்னு உன் தங்கச்சியே போட்டுக் குடுத்துட்டா. நீ எழுதாம விட்ட சங்கதியை எல்லாம் செல்போன்ல தேடி வாசிச்சுச் சொன்னதும் அவதான். கோவப்படாத, அவ உன்னைவிடக் கெட்டிக்காரி.

காலமெல்லாம் பனை ஏறினவன்கிட்டயே கிருமியைப் பத்திப் பாடம் நடத்த வந்தியே, அந்தத் தைரியத்துக்கே உனக்கு ஒரு துண்டு போத்தணும்.

சிரிக்காதல. கலயம் கட்டுதவன் தெனமும் கிருமியோடதான் மல்லுக்கட்டினான். பாளையை இடுக்கி நசுக்கி, காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நுனியைத் தாளு கனத்துக்குச் சீவி, கலயத்தை மாட்டிட்டு இறங்குவோம். உள்ள சுண்ணாம்பு தடவின கலயம்னா பதனி. தடவாத கலயம்னா கள்ளு. பாளையும் அதேதான், சொட்டும் அதேதான். சுண்ணாம்பு ஒரு விரல் குறைஞ்சாப் போதும், வெயில் ஏறுதுக்குள்ள வாயில நுரை கட்டி, புளிச்ச வாடை மரத்தடியில நிக்குதவன் மூக்குக்கு வந்துரும். அந்தப் பதனியைக் காய்ச்சினா விறகுதான் செலவாகும். பாகு இறுகாது, சிரட்டையில ஊத்தினா கருப்பட்டியாகாம அழுதுக்கிட்டே கெடக்கும். கிருமியை எப்ப உள்ள விடணும், எப்ப வெளிய நிறுத்தணும்ங்குறதுதான் எங்க தொழிலே. நீங்க இப்ப எஃகுத் தொட்டி, நீராவி, குழாய்னு வச்சு அதைத்தான் செய்யுதிய.

கள்ளுக் கலயத்துல ஈஸ்ட்டோட கூட்டுச் சேந்து வேலை பாக்குத ஒருத்தன் இருக்கான். பேரு ஸைமோமோனாஸ் மொபிலிஸ். மெக்சிகோவுல கத்தாழையைக் குடைஞ்சு எடுக்குத புல்கேங்குற கள்ளுல, பவுல் லிண்ட்னர்னு ஒரு ஜெர்மன்காரரு 1920-கள்ல இவனைப் பிரிச்செடுத்து எழுதிவச்சாரு. பனை வகைக் கள்ளுலயும் இவன் உண்டு. உன் தாள்ல நீ எழுதியிருக்குத கிருமி எல்லாத்தையும்விட எனக்கு இவன்தான் நெருங்கின சொந்தக்காரன். உனக்குச் சொல்ல வேண்டிய புத்தியை இவன் பொழப்பை வச்சே சொல்லிருதேன்.

இவன் குணம் விசித்திரம். ஒரு துளி குளுக்கோஸ் கிடைச்சா ஈஸ்ட் தன் உடம்புக்குன்னு ரெண்டு பங்கு சத்து ஒதுக்கிக்கிடும். இவன் ஒரு பங்குதான் எடுப்பான். அதனால தான் கொழுக்க மாட்டான். ஈஸ்ட்டை விடப் பல மடங்கு வேகமாத் தின்னு, தின்னதை எல்லாம் சாராயமாத் தள்ளிக்கிட்டே இருப்பான். சதை போடாம நாள் பூரா கறக்குத மாடு எந்தச் சம்சாரிக்குத்தான் கசக்கும்? ஆனா ஒண்ணு. எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் வந்து கறந்தாலும் நூறு கிலோ குளுக்கோஸுக்கு 51 கிலோ எரிசாராயம்தான் கணக்கு. மிச்சம் 49 கிலோ கரியமில வாயுவா நுரைச்சுப் போயிரும். எந்த ஜீனை மாத்தினாலும் அந்தக் கணக்கை மாத்த முடியாது. உன் தாள்ல அந்த 49 கிலோவைக் காணோமே, எங்கல ஒளிச்சு வச்ச?

1987-ல, அமெரிக்காவுல புளோரிடா பல்கலைக்கழகத்துல லோனி இங்கிராம்னு ஒரு விஞ்ஞானியும் அவரு கூட்டாளியளும் இவன்கிட்ட இருந்து சாராயம் ஆக்குத ஜீனை எடுத்து, நம்ம குடல்ல குடியிருக்குத ஈ.கோலைக்குள்ள கொண்டு வச்சாவ. அவிய எடுத்த ரகம் பிரேசில்ல புளிச்ச கரும்புச்சாறுல கிடைச்சது, நம்ம பனையில இல்ல. இனம் ஒண்ணுதான். ஏன் ஈ.கோலைன்னா, அது எதைப் போட்டாலும் திங்கும். தட்டை, சக்கை, மரத்தூள் இதையெல்லாம் உடைச்சா வார சக்கரையில ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு ஸைலோஸ்ங்குற வேற சாதிச் சக்கரை. ஸைமோமோனாஸ் அதைத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டான். ஈ.கோலைக்கு அந்த வீம்பு கெடயாது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1991 மார்ச் 19-ல அமெரிக்க அரசாங்கம் குடுத்த காப்புரிமை எண் என்ன தெரியுமா? 50,00,000. முழுசா அம்பது லட்சம். அந்த ஆபீஸர் நல்ல நேரம் பாத்துத்தான் முத்திரை குத்தியிருக்கணும்.

அதே 1987-ல இங்கன என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியாது, நீ பொறக்கல. தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை வந்துது. அங்கன இவனைப் பத்திக் கட்டுரை அச்சடிச்ச வருஷம், இங்கன இவன் குடியிருந்த கலயத்தை உடைச்சாவ. நான் குத்தம் ஒண்ணும் சொல்லலப்பா, தேதியை மட்டுந்தான் சொல்லுதேன்.

எட்டு வருஷம் கழிச்சு, 1995-ல, கொலராடோ மாகாணத்துல கோல்டன்ங்குற ஊர்ல, அவிய அரசாங்கத்தோட புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்துல தலைகீழா யோசிச்சாவ. இவன் ஜீனை அவனுக்குக் குடுக்குததுக்குப் பதிலா அவன் ஜீனை இவனுக்குக் குடுத்தா என்னன்னு, ஈ.கோலையில இருந்து நாலு ஜீனை எடுத்து ஸைமோமோனாஸுக்கு வச்சாவ. வீம்பு போச்சு, ஸைலோஸைத் திங்க ஆரம்பிச்சான். படிச்சு முடிச்சவனை வேலைக்கு எடுத்தது டூபாண்ட் கம்பெனி.

அயோவா மாகாணத்துல நெவாடான்னு ஒரு சின்ன ஊரு. அங்கன 2015 அக்டோபர்ல ஆலை திறந்தாவ. செலவு 20 கோடி டாலருக்கு மேல. வருஷத்துக்கு 3 கோடி கேலன் எரிசாராயம் இறக்கணும்னு திட்டம். சுத்துவட்டாரத்துல 500 சம்சாரியக்கிட்ட இருந்து வருஷத்துக்கு மூணே முக்கால் லட்சம் டன் மக்காச்சோளத் தட்டை வாங்கணும். உள்ள தொட்டியில உக்காந்து வேலை பாக்கப் போறது நம்ம கள்ளுக் கலயத்துச் சொந்தக்காரன். அடேயப்பா, இவன் போன தூரம் நம்ம ஊர்ல எவனும் போகல.

கிருமி ஏமாத்தல பேராண்டி. நல்லாத்தான் வேலை பாத்தான். தட்டை இருக்கே, அதுதான் காலை வாரி விட்டுது. வயக்காட்டுல கெடக்குததைப் பாத்தா ஓசி மாதிரித்தான் தெரியும். கதிர் அறுத்த உடனே, மழையும் பனியும் வாரதுக்கு முந்தி அள்ளிக் கட்டணும். கட்டுல பாதி காத்து, மீதியில மண்ணு. அந்த மண்ணு போய் மிஷினோட பல்லைத் தேய்க்கும். விளையுதது வருஷத்துக்கு ஒரு தரம், ஆலை ஓடணும் வருஷம் பூரா. அப்ப எங்கன அடுக்குவ? மலை மலையா அடுக்கினா தீப் பிடிக்காம காவல் காக்க ஆளு வேணும். அதுக்கு மேல தட்டையை அம்மோனியாவுல ஊறவச்சு, நொதியை ஊத்தி, சக்கரையாப் பிரிச்சாத்தான் கிருமிக்கே வாய்க்கு எட்டும். நொதி ஒண்ணும் சும்மா வராது, அதுவும் ஒரு தொட்டியில வேற ஒரு கிருமி பெத்துப் போடணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு உங்க ஆச்சி சந்தையில நின்னு சொல்லுதது அயோவாவுக்கும் பொருந்தும்.

நேரமும் கெட்ட நேரம். 2014 ஜூன்ல பீப்பாய் நூறு டாலருக்கு மேல வித்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில முப்பதுக்குக் கீழ போயிட்டு. நடுவுல பந்தல் போட்டு ஆலையைத் திறந்திருக்கான். 2017-ல டூபாண்ட்டும் டௌ கம்பெனியும் ஒண்ணாச் சேந்துது. புதுச் சம்பந்தி வந்து கணக்குப் பாத்தாரு, நவம்பர்ல ஆலையை மூடி விலை பேசிட்டாவ. அடுத்த வருஷம் வெர்பியோன்னு ஒரு ஜெர்மன் கம்பெனி வாங்கிச்சு. அதே தட்டையில அவன் என்ன எடுத்தான் தெரியுமா? மீத்தேன். நம்ம சாணக்குழியில வருதே, அதே வாயு. அதுல வேலை பாக்குத கிருமியளுக்கு ஜீனும் மாத்தல, காப்புரிமையும் வாங்கல. இது தெரிஞ்சு ராத்திரி தூக்கத்துலகூடச் சிரிச்சேன்னு உங்க ஆச்சி சொல்லுதா.

டூபாண்ட் மட்டும்னு நெனைக்காத. அதே அயோவாவுல எமட்ஸ்பர்க் ஊர்ல 2014-ல திறந்த ஆலை 2019-ல நின்னுது. கான்சாஸ்ல ஹியூகோட்டன் ஊரு ஆலையைக் கட்டின ஸ்பெயின் கம்பெனி அங்கன திவாலே ஆயிட்டு.

ஏன் இத்தனை பேரு ஒண்ணா விழுந்தான்னு கேட்டா, மேல இருந்து சட்டம் கையைப் புடிச்சு இழுத்துது. 2007-ல அமெரிக்காவுல ஒரு சட்டம் போட்டாவ. தட்டை, மரம் மாதிரி நார்ப்பொருள்ல இருந்து 2010-ல 10 கோடி கேலன், 2022-ல 1,600 கோடி கேலன் எரிபொருள் வந்தே ஆகணும்னு எழுதியே வச்சுட்டாவ. 2010-ல எவ்வளவு வரும்னு எட்டிப் பாத்துட்டு, 10 கோடியை 65 லட்சமாக் குறைச்சாவ. குறைச்ச அதுவும் வரல. அப்பவும் 2011-க்கு, இந்த எண்ணெயை ஏன் பெட்ரோல்ல கலக்கலன்னு சுத்திகரிப்பு ஆலைக்காரன்கிட்ட ஏறத்தாழ 68 லட்சம் டாலர் வசூல் பண்ணிட்டாவ. எங்கலே எண்ணெய்னு கேட்டா, எங்கயும் இல்ல! இல்லாத எண்ணெயைக் கலக்காததுக்குத் தண்டம். 2013 ஜனவரியில கோர்ட்டுத்தான் தலையிட்டு, 2012-க்குப் போட்ட அளவை ரத்து பண்ணுச்சு. உன் தாள்ல பதினோராம் பக்கத்துல 'அரசின் கொள்கை ஆதரவு உறுதி'ன்னு எழுதியிருக்க பாரு, அந்த வரி மேல உங்க ஆச்சி வெத்தலைச் சுண்ணாம்பைத் தடவிட்டா. தெரியாம பட்டதுதான்.

நீ ஒருவேளை சொல்லுவ, 'தாத்தா, எங்களுது சாராயம் இல்ல, அசல் டீசல்'னு. சரி, அந்தக் கதையையும் பாப்போம்.

ஜே கீஸ்லிங்னு ஒருத்தரு. ஹார்வர்டுல வளந்தவரு. பேரைக் கேட்டதும் எந்திரிச்சு நிக்காத, நெப்ராஸ்கா மாகாணத்துல ஹார்வர்டுன்னு ஒரு பட்டிக்காடு இருக்கு. மக்காச்சோளம், சோயா, பன்னி வளக்குத குடும்பம். கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராப் போயி, ஈஸ்ட்டுக்குள்ள ஜீனை மாத்தி மாத்தி வச்சு, மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்தோட மூலப்பொருளை அதைச் செய்ய வச்சாரு. 2004-ல கேட்ஸ் அறக்கட்டளை அந்த வேலைக்கு 4 கோடியே 26 லட்சம் டாலர் குடுத்துது. அவரும் அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ணின பயலுவளும் சேந்து 2003-ல தொடங்கினதுதான் அமைரிஸ் கம்பெனி. ஈஸ்ட்டுல அந்த வழியைக் கொஞ்சம் திருப்பிவிட்டா ஃபார்னசீன்னு ஒரு எண்ணெய் வரும், அதை டீசலாக்கிரலாம்னு கண்டுபிடிச்சாவ. 2010 செப்டம்பர்ல பங்கு ஒண்ணு 16 டாலருன்னு சந்தைக்கு வந்தாவ. அடுத்த வருஷம் முப்பதைத் தாண்டுச்சு. பிரேசில்ல சாவோ பாலோ நகரத்துல பஸ்ஸுக்கு அந்த எண்ணெயைக் கலந்து ஊத்தினாவ, ஓடுச்சு. 2014-ல விமானத்துக்கும் பத்துக்கு ஒண்ணு கலந்து ஊத்தலாம்னு அனுமதி வாங்கி, புளோரிடாவுல ஆர்லாண்டோவுல இருந்து சாவோ பாலோ வரைக்கும் பறந்தாவ. அறிவியலுக்கு ஒரு கொறையும் சொல்ல முடியாது.

இப்ப தீவனக் கணக்குக்கு வா. எவ்வளவு கெட்டிக்கார ஈஸ்ட்டா இருந்தாலும் நூறு கிலோ சக்கரைக்கு முப்பது கிலோ ஃபார்னசீனைத் தாண்ட முடியாது. மூணு கிலோவுக்கு மேல சக்கரையைப் போட்டு ஒரு கிலோ எண்ணெய் எடுக்குத. 2011 பிப்ரவரியில உலகச் சந்தையில கச்சாச் சக்கரை ராத்தல் 36 சென்ட்டுக்குப் போச்சு. கிலோவுக்கு எம்பது சென்ட். பெருக்கிப் பாரு. கரும்புச்சாறாவே பாதி விலைக்கு வாங்கினேன்னு வச்சுக்கிட்டாலும், தொட்டி, கரண்டு, ஆள்கூலி சேத்தா டீசல் விலை எங்க நிக்குது, நீ எங்க நிக்குத? டீசல்ங்குறது பூமிக்குள்ள எப்பவோ யாரோ ஆக்கி வச்சுட்டுப் போன சாப்பாடு, தோண்டுத கூலி மட்டுந்தான் செலவு. நீ ஒவ்வொரு கிலோவுக்கும் புதுசா உலை வைக்குத.

2012 பிப்ரவரியில அமைரிஸ்காரங்க, இவ்வளவு லிட்டர் எடுப்போம்னு சொன்ன கணக்கை வாபஸ் வாங்கினாவ. பங்கு அந்த வருஷமே மூணு டாலருக்குக் கீழ போயிட்டு. அப்புறம் என்ன செஞ்சாவ? அங்கதான் பொழைக்கத் தெரிஞ்சவன். அதே ஃபார்னசீன்ல இருந்து ஸ்குவாலேன் ஆக்கினாவ. முன்னால சுறா ஈரல்ல இருந்து எடுத்து முகப்பூச்சுல போடுவாவளே, அது. பஸ்ஸுக்கு எண்ணெய் ஊத்தப் போனவன் பொம்பளைய மூஞ்சிக்கு எண்ணெய் பூசிட்டு வந்தான்! கேலி பண்ணல. பஸ்ஸுக்காரன் லிட்டருக்கு ஒரு ரூபா கூடினாலும் கடையை மாத்துவான், மூஞ்சிக்குப் பூசுதவ சின்னக் குப்பிக்கே கேட்ட காசைக் குடுப்பா. ஆனா அதுலயும் அகலக்கால் வச்சு, 2017-ல பிரேசில் ஆலையை வித்து, 2023 ஆகஸ்டுல கம்பெனியே திவால் மனு போட்டுட்டு.

மலேரியா மருந்து என்னாச்சுன்னு கேளு. அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். 2013-ல சனோஃபி கம்பெனி இத்தாலியில ஆலை வச்சு ஈஸ்ட் வழியா ஆர்ட்டிமிசினின் ஆக்க ஆரம்பிச்சுது. லாபமே இல்லாம குடுத்தாலும் கிலோ 350-ல இருந்து 400 டாலர். அதே நேரத்துல இந்த மருந்து கிடைக்குத செடியைக் காட்டுல பயிரிட்ட சம்சாரியளோட சரக்கு 250-க்கும் கீழ வந்துட்டு. 2015-ல ஆலை ஒரு கிலோகூட ஆக்கல. அத்தனை கோடி போட்டுப் படிக்க வச்ச ஈஸ்ட்டை, மண்வெட்டி புடிச்சவன் விலையில அடிச்சான்.

இன்னும் பெரிய இடமும் உண்டு. 2009-ல எக்ஸான்மொபிலே பாசியில எண்ணெய் எடுக்கப் போறேன்னு கிரெய்க் வென்டர்ங்குற விஞ்ஞானியோட கம்பெனிகூடக் கூட்டுச் சேந்து 60 கோடி டாலர் வரைக்கும் போடுவோம்னு சொன்னான். 2017-ல பாசியோட எண்ணெயை ரெட்டிப்பாக்கினாவ, பாராட்டத்தான் வேணும். 2018-ல, 2025-க்குள்ள நாளைக்குப் பத்தாயிரம் பீப்பாய் எடுக்க வழி பண்ணிருவோம்னாவ. உலகம் ஒரு நாளைக்குக் குடிக்குதது ஏறத்தாழ பத்துக் கோடிப் பீப்பாய். பத்தாயிரத்துல ஒரு பங்கு! அதுவும் வரல, 2023-ல எக்ஸான் கையைக் கழுவிட்டு. எண்ணெய்க் கம்பெனிக்கே கட்டல. என்கிட்ட இருக்குதது தேரிக்காட்டுல கொஞ்சம் நிலமும், அதுல ஆளு ஏறாத நாலஞ்சு வரிசைப் பனையும். என் பேரு அந்தக் கட்டத்துல வராதுப்பா.

சொலசைம்னு இன்னொருத்தன் பாசிக்குச் சக்கரை ஊட்டி எண்ணெய் எடுத்தான். 2011 டிசம்பர்ல அமெரிக்கக் கடற்படை அவன்கிட்டயும் இன்னொரு கம்பெனிகிட்டயுமாச் சேத்து நாலரை லட்சம் கேலன் எண்ணெயை 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்குச்சு. கேலன் இருபத்தாறு டாலருக்கு மேல. சாதா எண்ணெய் நாலு டாலர்கூட இல்லாத காலம். அந்த விலைக்கு வாங்குத ஒரே வாடிக்கையாளன் பீரங்கி வச்சிருக்குதவன்தான். சொலசைமும் முகப்பூச்சு வித்துப் பாத்தான், 2017-ல திவால். மூஞ்சிக் கிரீமுல போயி முடியாத எண்ணெய்க் கிருமியே உலகத்துல இல்ல போலிருக்கு.

தொழில் நுணுக்கம் ஒண்ணு மட்டும் சொல்லிருதேன், நீ தாள்ல எழுதாம விட்டது. கறக்குத மாடு எப்பவும் வத்தலாத்தான் இருக்கும். தின்னதை எல்லாம் உனக்காக எண்ணெயாத் தள்ளுத கிருமி, தான் பெருகுததுல பின்தங்கும். கோடானுகோடியில ஒண்ணுக்கு அந்த ஜீன் கெட்டுப் போச்சுன்னு வை. அது உனக்குக் கறக்காது, தின்னதை எல்லாம் தன் உடம்புல போட்டு ரெண்டு, நாலு, எட்டுன்னு குட்டி போடும். குப்பியில இருந்து பெரிய தொட்டிக்குப் போயிச் சேருததுக்குள்ள எத்தனை தலைமுறை கடக்கணும்? இறங்கிப் பாத்தா தொட்டி பூரா கறக்காத கடாரி. அமைரிஸ்காரங்க ரெண்டு லட்சம் லிட்டர் தொட்டியில ரெண்டு வாரம் ஈஸ்ட்டைச் சொன்ன பேச்சு கேக்க வச்சாவன்னு 2016-ல எழுதினாவ. அதுக்கு எத்தனை வருஷம் ராவா பகலா உக்காந்தாவளோ! உன் ஆய்வகக் குடுவை எவ்வளவு கொள்ளும்? தங்கச்சி சொன்னா, ரெண்டு லிட்டர்னு. நல்லது, சாயாக்கடைக்குப் போதும்.

இன்னொண்ணு. ஆனந்த சக்ரவர்த்தின்னு வங்காளத்துல பொறந்த ஒருத்தரு, அமெரிக்காவுல கச்சா எண்ணெயைத் திங்குத கிருமியை உருவாக்கி, 1980-ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி ஒத்த ஓட்டு வித்தியாசத்துல காப்புரிமைக்கு வழி வாங்கினாரு. அவரு கிருமி எண்ணெயைத் திங்கும், உன் கிருமி எண்ணெயைக் கக்கும். ரெண்டையும் ஒரே ரூம்புல வச்சுராத.

இத்தனையும் சொன்னதால தாத்தா வேண்டாம்னு சொல்லுதான்னு நெனைச்சிராத. தீவனத்துல இருந்து தொடங்கினவன் ஒருத்தன் இருக்கான். நியூசிலாந்துல 2005-ல ஷான் சிம்சனும் ரிச்சர்ட் ஃபார்ஸ்டரும் தொடங்கின லான்சாடெக். அவன் கேட்ட முதல் கேள்வியே வேற. எவனுக்கும் வேண்டாம்னு வெளிய தள்ளுதது எது, அது ஒரே இடத்துல, வருஷம் பூரா, லாரி இல்லாம கிடைக்குமான்னு கேட்டான். உருக்காலைப் புகை! அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு, மனுஷன் மோந்தா செத்துருவான். அதைத் தின்னு எரிசாராயம் ஆக்குத கிருமி ஒண்ணு உண்டு. அது எங்க கிடைச்சுது தெரியுமா? முயல் புழுக்கையில. 1994-ல பெல்ஜியத்துல பிரிச்செடுத்தாவ. க்ளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜெனம்னு பேரு. என் நாக்கு சுளுக்கிட்டு, நீயே சொல்லிக்க.

2018 மே மாசம் சீனாவுல ஷௌகாங் உருக்காலையில அதை வச்சு ஆலை ஓட ஆரம்பிச்சுது. அதே அக்டோபர்ல அவன் எரிசாராயத்துல இருந்து ஆக்கின எண்ணெயைக் கலந்து வர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஆர்லாண்டோவுல இருந்து லண்டனுக்குப் பறந்துது. முதல்ல ஜீனைத் தொடவே இல்ல, நல்ல ரகமாப் பொறுக்கிப் பொறுக்கி வளத்தாவ. அப்புறந்தான் ஜீனை மாத்தி, அதே புகையில இருந்து அசிட்டோனும் ஐசோபுரோபனாலும் எடுக்கலாம்னு 2022-ல காட்டினாவ. நம்ம நாட்டுலயும் பானிபட்டுல இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையில வெளியேறுத வாயுவை இதே கிருமிக்குப் போட்டு, நாளைக்கு 128 கிலோலிட்டர் எடுக்குத மாதிரி ஆலை போட்டிருக்காவ. அந்த ஊர்லயே 2022 ஆகஸ்டுல வைக்கோல் ஆலையும் ஒண்ணு திறந்தாவ. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எரிசாராயம்னு கணக்கு. புகை குழாய் வழியா வரும், வைக்கோல் டிராக்டர்ல வரும். எது எப்படிப் போகுதுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க உனக்கு வேற பள்ளிக்கூடம் வேண்டாம். டெல்லிக்கு டிக்கெட் எடு, தாத்தா காசு தாரேன். அதுக்குத் தருவேன்.

லான்சாடெக்கையும் தலையில தூக்கி வச்சு ஆடிராத. 2023-ல பங்குச் சந்தைக்கு வந்தான், ரெண்டே வருஷத்துல பங்கு ஒரு டாலருக்குக் கீழ வந்துட்டு. புகையும் முழுசா ஓசி இல்ல, உருக்காலைக்காரன் அதை எரிச்சுக் கரண்டு எடுத்துக்கிட்டு இருந்தான், அதுக்கு ஈடு கேப்பான். நம்மகிட்ட ஒருத்தன் வந்து கேட்டுட்டான்னா குப்பைக்கும் விலை வந்துருமே. நீ போயி வேண்டாத பொருளுன்னு ஆசையாக் கேட்ட அன்னைக்கே அது வேண்டிய பொருளாயிரும். அதனால கேக்குததுக்கு முந்தி பத்து வருஷத்துக்கு எழுதி வாங்கிக்க.

இப்ப நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த வழவழத் தாளையும் இலைப் படத்தையும் அங்கயே வச்சுக்க. ஒரே ஒரு பக்கம், கோடு போட்ட நோட்டுத் தாள்ல, கையால எழுதி அனுப்பு. உன் கிருமி எதைத் திங்கும், அது டன் என்ன விலை, மழைக்காலத்துல எங்க கிடைக்கும், நூறு கிலோ போட்டா எத்தனை கிலோ வரும், மிச்சத்தை எங்க கொட்டுவ. அதைக் கொண்டாந்து இறக்குத லாரிக்காரன் போன் நம்பரையும் கீழ எழுது. உங்க புரொபசர் நம்பர் வேண்டாம். நான் லாரிக்காரன்கிட்ட பேசிக்கிடுதேன்.